கழுத்து இறக்கம்

பாக்கி நாற்பது ரூபாய்க்குப் பதிலாக
ஒரு விதைப் பொட்டலம் தந்துவிட்டுப் போனாள் வசுமதி.
டயாந்தஸ் என்று எழுதியிருந்தது.
ஓட்டேரியில் அதற்குத் தமிழில் என்ன பெயரென்று
நர்சரிக்காரருக்கே தெரியவில்லை.

முதல் தடவை சித்திரையில் விதைத்தேன்,
கை சும்மா இருக்கவில்லை என்பதால்.
எட்டாம் நாள் நூல் நூலாய் எழுந்து
பத்தாம் நாள்
இஸ்திரி பட்ட நைலானாய்ச் சுருண்டன.

இரண்டாம் தடவை ஐப்பசி, திறந்த மாடி.
வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்றார்கள்.
மூன்று நாள் மேலே ஏற முடியவில்லை.
நான்காம் நாள் தொட்டிக்குள் குழம்பு.

மாதம் தப்பில்லை என்று அப்புறம்தான் புரிந்தது.
கூரை இல்லாததுதான் தப்பு.

அடுத்த வருஷம்
தீபாவளிக்கு முந்தின இரவு, இரண்டு மணிக்கு
கடைசி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தேன்.
ஒரு நாள் முழுக்கத் தூங்கினேன்.
எழுந்து பொட்டலத்தைத் தட்டினால்
அடியில் இருபத்திரண்டு விதை,
கருஞ்சீரகத்தை விரலால் நசுக்கியதுபோல் தட்டையாக.

பட்டன் டப்பாவின் அடியில் ஊசியால் ஓட்டை.
செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒன்று,
எதிர்வீட்டில் கட்டிக்கொண்டிருந்தார்கள்,
மணல் ஒரு சொம்பு, கேட்டுத்தான் எடுத்தேன்.
மொய்தீன் பாய் கடையிலிருந்து முட்டை ஓடு,
கழுவி, காயவைத்து, அம்மியில் நுணுக்கியது.
இந்தச் செடிக்குச் சுண்ணாம்பு பிடிக்குமாம்.
புளிப்பு மண் ஆகாது.

விதையைப் புதைக்கவில்லை.
மேலே மண்ணைப் பவுடர் போட்டமாதிரி தூவினேன்.
தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, சாரல் எட்டாத மூலையில்
டப்பாவை வைத்தேன்.
வீட்டுக்காரர் சபாபதி
"ஒழுகினா நீங்கதான் பொறுப்பு" என்றார்.
செங்கல் மேல் வைத்துக் காட்டினேன்.
ஒன்றும் சொல்லாமல் இறங்கினார்.

பதினேழு முளைத்தன.

கார்த்திகை முடிந்து மழை விட்டதும்
தனித்தனித் தொட்டிக்கு மாற்றினேன்,
பெரிய தொட்டியென்றால் ஒரு சாண் இடைவெளி.
இங்கேதான் எல்லோரும் தவறுவார்கள்.
செடி சாயுமோ என்று பயந்து
தண்டை ஆழமாக இறக்கிவிடுவார்கள்.
இருபத்தாறு வருஷமாகக் கழுத்து வெட்டுகிறேன்,
எனக்குத் தெரியும்:
இறக்கம் கால் அங்குலம் கூடினாலும்
திரும்ப ஏற்ற வழியில்லை.
வேர் மட்டும் மண்ணுக்குள்.
கழுத்து வெளியே, காற்று படும்படி.
நான் இரண்டை அதிகமாக இறக்கி அழுகவிட்டேன்.
பதினைந்து.

நாலு விரல் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும்.
மனசு வராது. கிள்ளு.
பக்கத்தில் நாலு கிளை வரும்.
ஆட்காட்டி விரலை மண்ணில் ஒரு கணு இறக்கிப் பார்,
காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்,
காலையில், அடியில், இலை நனையாமல்.
எங்கள் போர்த்தண்ணீர் உப்பு.
டேங்கர் வந்த அன்று ஒரு குடம் தனியாக எடுத்துவைத்தேன்,
இதை யாரிடமும் சொல்லவில்லை.

தை பிறந்து ஒன்பதாம் நாள் முதல் பூ.
ரோஸ். நடுவில் அரக்கு வளையம்.
இதழோரம் பல் பல்லாக.
என் ஜிக்ஜாக் கத்தரியை மேலே எடுத்துப்போய்
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
அதே வெட்டு.
நூல் பிரியாமல் இருக்கத்தான் நாங்கள் அப்படி வெட்டுவோம்.
பூவுக்கு எதற்கென்று தெரியவில்லை.

வாடியதை வெட்ட வெட்டப் பூத்தது.
மாசி நடுவில் வெயில் ஏறியதும்
பதினோரு மணிக்கு மேல்
ஒரு பழைய லைனிங் துணியை மேற்கே கட்டினேன்.

அப்போதுதான் வசுமதி வந்தாள், பட்டு ஜாக்கெட் தைக்க.
ஜன்னலில் இருந்த தொட்டியைப் பார்த்து
"என்ன பூ இது, அழகா இருக்கே?"

நீ கொடுத்ததுதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
டேப்பை அவள் தோளில் வைத்து
"நேரா நில்லு" என்றேன்.
அன்றைக்கும் முழுப் பணம் தரவில்லை.

பங்குனிக் கடைசியில் செடி வைக்கோல் நிறமானது.
இரண்டு பூவை வெட்டாமல் விட்டிருந்தேன்.
காய் வெடிக்கும்முன் பறித்து, காகிதத்தில் மடித்து,
கொக்கி டப்பாவில் வைத்திருக்கிறேன்.
மேலே எழுதியிருக்கிறேன்:
தீபாவளித் துணி முடியாமல் திறக்காதே.